கொடியில் ஏறாத மழைக்கோட்டு

இந்த மஞ்சள் இன்றைக்குத் தப்பாகப் போனால் நன்றாக இருக்கும்.

பெயிண்ட் கடையில், கலவை இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தப்பாகப் போனால் மறுபடி கலக்க வேண்டும். இதற்குப் போடுகிற வெள்ளை பேஸ் இந்த ஒரு டப்பாதான் இருக்கிறது. புதிது வர நாளை மாலையாகிவிடும். அப்படியானால் நாளைக் காலையில் சாரத்தில் யாரும் ஏற முடியாது. இன்னும் ஒரு நாள் அந்தச் சுவர் அப்படியே இருக்கும்.

கவுன்டரின் மேல் ஒரு மழைக்கோட்டு விரிந்து கிடந்தது. முழங்கையில் தேய்ந்து, காலரில் அழுக்கேறி, ஆனாலும் கண்ணில் அடிக்கிற மஞ்சள். நிறம் பார்ப்பதற்காக, அந்தச் சுவர் இருக்கிற குடியிருப்பின் வயர்மேன் கொடுத்துவிட்டுப் போனது.

இயந்திரம் ஊற்றி முடித்தது. அவள் பழக்கத்தில் கையால் ஒரு சொட்டு சிவப்பும் அரைச் சொட்டு கறுப்பும் சேர்த்தாள். குலுக்கினாள். குச்சியில் தொட்டு அட்டையில் தீற்றி, விசிறிக் காயவைத்து, கோட்டின் மேல் வைத்தாள்.

அட்டை எங்கே முடிகிறது, கோட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

முதல் தடவையிலேயே. கைக்கு மனசில் இருப்பது தெரியவில்லை. அதுபாட்டுக்கு அதன் வேலையைச் செய்துவிட்டது.

"மஞ்சளுக்குப் போய் இவ்வளவு நேரமாம்மா?" என்றார் முதலாளி, உள்ளேயிருந்து.

"ஆச்சுங்க" என்றாள்.

அவள் புருஷன் தவறிப்போய் எட்டு மாதம் ஆகிறது. தெருவில் அவனுக்கு 'ஏணி' என்று பேர். ஆள் குள்ளம். எங்கே போனாலும் தோளில் ஓர் ஏணியோடு போவான். யார் சுவர், எவர் சுவர் என்று பார்க்காமல் வரைந்து, ஓட்டம் பிடித்து, பிடிபட்டு, பிறகு ஊரே கூப்பிட்டு வரையச் சொல்கிற அளவுக்கு வந்தவன். வலது கீழ்மூலையில் மூன்று படி வைத்த ஒரு குட்டி ஏணிதான் அவன் கையெழுத்து. அவளை அவன் 'சொட்டு' என்று கூப்பிடுவான். உப்பானாலும் சாயமானாலும் "ஒரு சொட்டு கம்மி" என்பாளாம்.

போன வாரம் கொழுந்தன் ஓர் அழைப்பிதழைக் கொண்டுவந்து கொடுத்தான். ஏணியின் படங்களை ஒரு கேலரியில் வைக்கிறார்கள், வீட்டிலிருந்து எல்லோரும் வர வேண்டும் என்று. அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. இன்று மாலை அது தொடங்குகிறது.

கொழுந்தன் டப்பாவை வாங்கக் கடைக்கே வந்துவிட்டான். அட்டையையும் கோட்டையும் பார்த்தான். முகம் விழுந்தது.

"சரியா வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"கொஞ்சம் தப்பா வந்திருக்கக் கூடாதா அண்ணி."

அவள் டப்பாவின் விளிம்பைத் துணியால் துடைத்தாள். இவனுக்கும் அதே நினைப்புத்தானா.

"அண்ணி, சாயங்காலம் நீங்க ஒரே ஒரு வரி சொன்னா போதும்."

"என்ன வரி?"

"அண்ணன் சாரத்துலேர்ந்து இறங்கி வந்து, நின்னு பார்த்து, 'இதோட போதும், இதுதான் படம்'னு சொன்னார்னு."

"யார்கிட்ட சொன்னார்?"

"உங்ககிட்ட. போன்ல."

"அன்னிக்கு அவர் எனக்குப் போனே பண்ணலையே."

"அது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

அவள் மூடியை வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டி இறுக்கினாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் இதே கொழுந்தன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. எதிர்மாடியில் நின்று அவன் சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். அண்ணன் கீழே இறங்கி, தெருவைத் தாண்டிக் கத்தினானாம். எடுத்தாச்சாடா? டீ குடிச்சிட்டு வந்து வயர்மேன் கோட்டுலேர்ந்து ஆரம்பிக்கலாம். டீக்கடைக்குப் போகிற வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழவில்லை.

"கேலரிக்காரம்மாகிட்ட நீ அப்படிச் சொல்லிட்டியா?"

"அவங்க அந்தப் போட்டோவைப் பார்த்து அழுதுட்டாங்க அண்ணி. அண்ணன் வரைஞ்சதுலயே இதுதான் பெருசுன்னாங்க. எனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரல." குரலைத் தாழ்த்தினான். "அதைப் படம்னு அவங்க சொல்லிட்டா, குடியிருப்புச் சங்கத்துல பேசி அப்படியே விட வச்சிடுவாங்க. இல்லேன்னா அவர் வரைய இருந்ததை முடிக்க நாளைக்கு நான் ஏறணும். அவர் கை பட்ட இடத்துல நானே பெயிண்டை வச்சு அழிக்கணும். என்னால ஆகாது."

"அழிக்கிறது இல்லப்பா. வரையிறது."

"உங்களுக்கும் அது இருக்கணும்தானே? தினமும் ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்குறீங்களே, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

அவள் டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள். நல்ல கனம். அவன் அதைத் தூக்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

*

மதியம் கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பினாள். இன்றும் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கினாள்.

நிறுத்தத்துக்கு எதிரே அந்தச் சுவர். ஐந்து மாடிக் குடியிருப்பின் ஜன்னலில்லாத பக்கம். முன்னால் இரும்புச் சாரம் கட்டியாகிவிட்டது. சாரத்துக்குப் பின்னால், மேலிருந்து கீழ்வரை கரும் நீலத்தில் கிறுக்கல்.

இவ்வளவு பெரிய சுவரில் நூல் பிடித்துக் கட்டம் போட்டு அளக்க முடியாது. அதனால் சுவர்ப்படம் வரைகிறவர்கள் முதலில் சுவர் முழுக்கக் கையில் வந்ததையெல்லாம் கிறுக்குவார்கள். ஒரு சுழி, ஒரு மீன், ஒரு வார்த்தை, ஓர் எண். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தள்ளி நின்று அதைப் படம் எடுத்து, வரைய வேண்டிய ஓவியத்தை அதன்மேல் கைப்பேசியில் பொருத்திக்கொள்வார்கள். பிறகு சாரத்தில் நின்றபடியே தெரிந்துவிடும், சட்டையின் காலர் எந்தச் சுழியில் தொடங்குகிறது, கை எந்த மீனின் வாலில் முடிகிறது என்று. வண்ணம் ஏற ஏறக் கிறுக்கல் அடியில் போய்விடும். மறைவதற்காகவே போடுவது.

கையில் வந்ததை எழுதுவதால், மனசில் இருந்ததும் வந்துவிடும். அதைத்தான் அவள் தினமும் படித்தாள். குடை. பசிக்குது. அப்பாவுக்குக் கண்ணாடி மாத்தணும். கால் நொண்டுகிற நாய் ஒன்று. இரண்டாம் மாடி உயரத்தில், ஒரு சுழியின் பக்கத்தில், 'சொட்டு.' கீழ் இரண்டு மாடி அவளுக்கு மனப்பாடம். அதற்கு மேலே கண் எட்டவில்லை. மேலேயும் ஏதோ இருக்கிறது, இன்னும் படித்து முடிக்கவில்லை என்பதே ஒரு துணையாக இருந்தது.

"என்ன தங்கச்சி, நம்ம கோட்டு ரெடியா?"

வயர்மேன். தோளில் ஒயர் சுருள், வாயில் டெஸ்டர்.

"நிறம் வந்துடுச்சுண்ணே. கோட்டு கடையில இருக்கு, நாளைக்குக் கொண்டாறேன்."

"மெதுவா கொண்டா. மழையே முடிஞ்சுபோச்சு. ஊர்ல எல்லார் துணியும் காய்ஞ்சு மடிச்சும் வச்சாச்சு, என் கோட்டு மட்டும் இன்னும் கொடியில ஏறல."

அவள் சிரித்தாள். சுவரில் என்ன வரைவது என்று குடியிருப்பில் நடந்த கூட்டத்தை அவள் புருஷன் வீட்டில் நடித்தே காட்டியிருக்கிறான். ஒருவர் அருவி கேட்டார். ஒருவர் சிங்கம் கேட்டார். செயலாளர், தன் படம் ஒன்று இருந்தால் தப்பில்லை என்றார். கடைசியில் அவன்தான் சொன்னான், மேல் மாடியிலிருந்து தரை வரைக்கும் வளைந்து வளைந்து ஒரே கொடி, வீட்டுக்கு ஒரு துணி, வண்ணம் அடிக்க எல்லோரும் ஏறலாம் என்று. நர்ஸ் தன் சீருடையைக் கொடுத்தாள். ஒரு வீட்டில் யார் துணி என்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சே நின்றுபோய், தலையணை உறை வந்தது. வயர்மேன் ஐந்தாம் மாடி. கொடி அவர் வீட்டில்தான் தொடங்கும்.

வயர்மேன் டெஸ்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு சுவரை அண்ணாந்து பார்த்தார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. புதுசா வர்றவங்க, 'அந்தக் கிறுக்கல் பில்டிங்கா'ன்னு கேக்குறாங்க. யார் செஞ்சதுன்னு கேட்டா உன் வீட்டுக்காரர் பேரைச் சொல்ல வேண்டியிருக்கு. அவர் என்ன கிறுக்கவா வந்தார்? எங்க வீட்டுக்குள்ள வந்து, அந்தக் கோட்டை மாட்டிவிட்டு, மடிப்பு எப்படி விழுதுன்னு ஒரு மணி நேரம் உக்காந்து பார்த்தார். அதை நினைச்சாத்தான் எனக்குத் தாங்கல."

அவள் சாரத்தின் கீழே குனிந்து போய், 'குடை' என்ற எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் சுவர் சுட்டது. இது போக வேண்டாம். வேறெதுவும் எனக்கு வேண்டாம், இது மட்டும் போக வேண்டாம்.

*

வீட்டில் மாமனார் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் சுவரில் வரைந்து முதல்முறை பிடிபட்டபோது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தவர். அதற்குப் பிறகு பல காலம் அவனிடம் அவர் பேசியதெல்லாம் 'சாப்பிட்டியா' என்பது மட்டும்தான்.

"அங்க உக்கார நாற்காலி இருக்குமாம்மா?"

"இருக்கும் மாமா."

"இல்லேன்னாலும் நிக்கிறேன். அவன் காலம் பூரா நின்னவன்தானே."

கேலரியில் நாற்காலி இருந்தது. அவர் உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நான்கு பக்கமும் பார்த்தார்.

"எவ்வளவு வெள்ளைச் சுவர் பாத்தியா. இவன் கண்ணுல பட்டிருந்தா விட்டு வச்சிருப்பானா?"

பக்கத்தில் நின்ற யாரோ சிரித்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. அதனால் இன்னொன்றும் சொன்னார். "ரெண்டாம் வகுப்புல வீட்டுச் சுவர்ல கிறுக்கினான்னு ஸ்கேலால அடிச்சேன். இவங்க என்னடான்னா அதுக்குச் சட்டம் போட்டு, லைட்டும் போட்டிருக்காங்க." இந்தத் தடவை யார் சிரித்தார்கள் என்று அவர் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். பழைய கண்ணாடிதான். யாரும் இன்னும் மாற்றவில்லை.

அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனாள். பலகையிலும் தகரத்திலும் அவன் வரைந்தவை, சுவர்களின் போட்டோக்கள். பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டுகளில், 'எவரிடமும் இல்லாத, ஏணிக்கே உரிய நிறங்கள்' என்று எழுதியிருந்தது. எவரிடமும் இருக்காதுதான். அந்தப் பச்சை, ஒரு பல் டாக்டர் தன் ஆஸ்பத்திரிக்கு வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தது. அந்த ஊதா, ஒரு கல்யாணப் பெண்ணின் அறைக்கு அவள் தப்பாகக் கலந்து திட்டு வாங்கியது. திரும்பி வந்த டப்பாக்களைத்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுபோவாள். அவன் மூடியைத் திறந்து, "இதையா வேணாம்னாங்க? கண்ணு இருக்கா அவங்களுக்கு?" என்பான். எல்லாத் தடவையும் அதையே சொல்வான்.

அவனுக்காக அவள் சரியாகக் கலந்த நிறம், இன்றைய மஞ்சள் ஒன்றுதான்.

கடைசி அறையில், ஒரு முழுச் சுவரை அடைத்துக்கொண்டு அந்தப் போட்டோ. கொழுந்தன் எதிர்மாடியிலிருந்து எடுத்தது. ஐந்து மாடிக் கிறுக்கலும் கண்ணெதிரே, கை எட்டும் உயரத்தில். கீழே சீட்டு. 'கடைசிச் சுவர்.'

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, அவள் காதருகே குனிந்தார்.

"இதுல படம் எங்கம்மா?"

அவள் மேலே படித்துக்கொண்டிருந்தாள். இதுவரை கண்ணுக்கு எட்டாத மாடிகள். ஒரு நாற்காலி. ஒரு தேள். மணி என்ன. தூக்கம் வருது. ஐந்தாம் மாடி, இடது மூலை. அவன் சாரத்தில் ஏறியதும் முதலில் நின்றிருக்கக்கூடிய இடம்.

'சொட்டுகிட்ட இன்னிக்காவது சொல்லிடணும்.'

இரண்டு தடவை படித்தாள். எழுத்து அவனுடையதுதான். கடைசி எழுத்தில் கை சற்று வழுக்கியிருந்தது.

எதைச் சொல்ல? இன்னிக்காவது என்றால், எத்தனை நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தான்? அன்று காலையில் என்ன பேசினோம்? கைக்குட்டை எங்கே என்று கேட்டான். கொடியில் இருக்கிறது என்றாள். அவ்வளவுதான்.

கொழுந்தன் பின்னால் வந்து நின்றான். அவள் திரும்பாமல் விரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

"இது உனக்குத் தெரியுமா?"

"போட்டோ எடுத்தது நான்தானே அண்ணி. அதுக்குத்தான் சொன்னேன், அது போகக் கூடாதுன்னு."

"என்ன சொல்ல நினைச்சார்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கேள்வியை முடிப்பதற்குள் அவன் பதில் வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதையாவது மறைத்தால் கீழே பார்க்கிற இந்தப் பழக்கம் சின்ன வயதிலிருந்தே அவனிடம் உண்டு என்று அவன் அண்ணனே சொல்லிச் சிரித்திருக்கிறான். இப்போது கேட்டால் சொல்ல மாட்டான். இப்போது கேட்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

அந்த மூலையில்தான் வயர்மேனின் கோட்டு வர வேண்டும். நாளைக் காலையில் முதல் தூரிகை அங்கேதான் விழும். அவள் கலந்த மஞ்சள் அந்த வரியின் மேல்தான் ஏறும். எது முதலில் மறையுமோ, அங்கே போய் எழுதியிருக்கிறான்.

அவள் 'ஆமாம்' என்று சொன்னால் மறையாது. வருஷக்கணக்கில் இருக்கும். அந்த வரி சுவரில் இருக்கும்வரை, அவன் இன்னும் சொல்ல இருக்கிறவன்தான். தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்க்கலாம். இன்னிக்காவது, இன்னிக்காவது என்று.

கேலரிக்காரம்மா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மாதிரி. குரலில் பாசாங்கு இல்லை.

"அளவுக்காகப் போட்ட கோடுன்னு எனக்குத் தெரியும்மா. ஆரம்பம் அதுதான். ஆனா அவரே இறங்கி வந்து பார்த்து, போதும்னு விட்டுட்டாருன்னு உங்க கொழுந்தன் சொன்னார். நீங்க அதை உங்க வாயால சொல்லணும். வேற யார் சொன்னாலும் அது வெறும் பேச்சு."

மைக்கை அவள் கையில் வைத்தாள். கூட்டம் திரும்பியது. பின்வரிசையில் நர்ஸ் நின்றாள். அவள் பக்கத்தில் வயர்மேன், தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, ஒயர் இல்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். மாமனார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தார். இதில் படம் எங்கே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார் அவர்.

அவளுக்கு ஒன்று தோன்றியது. நான் ஆமாம் என்றால், இந்த மனிதர் இனி யார் கேட்டாலும், என் மகன் கடைசியாக வரைந்தது இது என்று இந்தக் கிறுக்கலைத்தான் காட்டுவார். புரியாமலே காட்டுவார். கோட்டின் மடிப்பு எப்படி விழுகிறதென்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவன், இல்லாமலே போய்விடுவான்.

"சொல்லுங்கம்மா" என்றாள் கேலரிக்காரம்மா மெல்ல. "ஆமான்னு ஒரு வார்த்தை போதும்."

அவள் இன்னொரு முறை ஐந்தாம் மாடியைப் பார்த்தாள். பிறகு மைக்கைப் பத்திரமாக அந்த அம்மாளின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"நான் சொல்ல மாட்டேங்க" என்றாள். மைக் இல்லாததால் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. "டீ குடிச்சிட்டு வந்து கோட்டுல ஆரம்பிக்கலாம்னுதான் சொன்னார். அவர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா."